மருந்துக் கொம்பின் துவாரம்

பதினெட்டாம் நூற்றாண்டின் வட அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரனும் போர்வீரனும் தோளில் தொங்கவிட்டுச் சென்ற, மாட்டுக் கொம்பினால் கைப்படச் செய்த வெடிமருந்துக் குப்பியை, தீப்பொறி எழுப்பாமலும் ஈரத்தை உட்புக விடாமலும் இருக்கும் குணங்களுக்காக மாத்திரம் புகழ்வது அரைகுறை ரசனையாகும். 1754 முதல் 1763 வரை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அங்கே நடந்த யுத்தகாலத்துக் கொம்புகள் பலவற்றில் உடையவன் பெயரும், கோட்டைகளும், ஆறுகளும் நுண்ணிய கீறல்களாய்ச் சித்திரிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளிருக்கும் மருந்தின் மட்டம் வெளிச்சத்தில் நிழலாய்த் தெரியும்படி மெல்லியதாகச் சுரண்டுவதே கைவினைஞனின் பெருமிதம். கத்தி ஓர் இழை மிகுந்தால் அந்தப் பெருமிதமே துவாரமாகிவிடுகிறது. எஞ்சிய சேதத்தைக் கொம்பைத் தின்னும் வண்டுப் புழு பார்த்துக்கொள்ளும்.

பரிகாரம் விநோதமானது: கொம்பை அரத்தால் ராவிய தூளைப் பசையில் குழைத்துச் சிறு துளையை அடைப்பார்கள், பெரிய துளைக்கோ, கொதிநீரில் இளக்கி வளைத்த கொம்புத் துண்டை ஓரம் சீவிப் பொருத்தி ஒட்டுவார்கள். நிறமும் ரேகையும் இசைந்த துண்டைத் தேடுவதிலேதான் பாதி வித்தை இருக்கிறது. பித்தளைத் தகட்டை வைத்துச் சிற்றாணிகளால் இறுக்கிவிடுவதும் உண்டு. தன்னை ஒளித்துக்கொள்ளாத அந்த ஒட்டுத்தான் எனக்கென்னவோ அதிகம் பிடிக்கிறது. பிறகு மெருகேற்றி, அடிப்புறத்து மரமூடியின் விளிம்பில் தேன்மெழுகு பூசிவிட்டால், மழையிலும் மருந்து நமுத்துப்போவதில்லை.