கருவியும் சொல்லொழுங்கும்

கனடாவின் விக்டோரியாப் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹொட் பொட்டேற்றோஸ்', நிரலாக்கம் அறியாத மொழியாசிரியரும் இணையப் பயிற்சிகளை ஆக்க வழிசெய்தது. 2009 முதல் அது கட்டணமின்றியே கிடைக்கிறது. இச்சாதனை மறுக்கற்பாலதன்று. எனினும், கலைந்த சொற்களை வாக்கியமாக்கப் பணிக்கும் அதன் 'ஜேமிக்ஸ்' பகுதி ஈண்டு நோக்கற்பாலது. ஆசிரியர் முற்கூட்டிப் பதிந்த ஒழுங்குகளை மட்டுமே அது சரியென ஏற்கும். சொல்லொழுங்கு இறுகிய ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் போதும். 'அவன் இன்று அண்ணனுடன் ஊரிலிருந்து வந்தான்' என்பதிலோ, வினைமுற்றை இறுதியில் நிறுத்தினும் ஏனைய நான்கு சொற்களும் 24 வகையாக அமையலாம். ('கண்டிக்குப்' என வருமாயின், ஒற்றே அடுத்த சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும்!) அவற்றுள் ஒன்று பதியப்படாது விடுபடின், இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்கும் சிங்கள மாணவன் சரியாக எழுதியும் பிழைவிட்டவனாகிறான். இதனை ஆசிரியரின் கவனயீனம் எனத் தள்ளுதல் தகாது. வினைமுற்றை நிலைப்படுத்தி ஏனையவற்றை விடுவிக்கும் வாய்ப்பைக் கருவியே தந்திருத்தல் வேண்டும்.