அரண்மனைத் தாதியின் நினைவுகள்

அரச குடும்பங்களைப் பற்றி அவற்றின் ஊழியர் எழுதும் நூல்களில் இருவகை உண்மைகள் உள. ஒன்று, ஆசிரியர் சொல்ல விரும்பியது. மற்றது, அவரை அறியாமலே நூலிற் புகுந்துவிட்டது. அயர்லாந்தின் லிமெரிக் நகரிற் பிறந்த மார்கரெட்டா ஈகர் என்னும் தாதி 1906இல் வெளியிட்ட 'ருஷ்ய அரசவையில் ஆறு ஆண்டுகள்' என்ற நினைவு நூலும் இத்தகையதே.

ஜார் மன்னன் இரண்டாம் நிக்கலஸின் புதல்வியரான ஒல்கா, தத்தியானா, மரியா, அனஸ்தாசியா ஆகிய நால்வரையும் 1904 வரை வளர்த்தவர் இவர். குழந்தைகளின் குறும்புகளையும் கேள்விகளையும் உயிர்த்துடிப்போடு எழுதியுள்ளார். அதனை மறுப்பதற்கில்லை.

ஆயினும், நூலின் மிகச் சிறந்த பகுதி வேறொன்று. 1904இல் ருஷ்ய–யப்பானியப் போர் மூண்டபோது, யப்பானியர் ஒருவர்கூட எஞ்சாது மடியவேண்டுமென எட்டு வயதுச் சிறுமி ஒல்கா விரும்புகிறாள். அங்கும் பெண்களும் குழந்தைகளும் உளர் எனத் தாதி எடுத்துரைக்கிறார். சிறுமி சிந்திக்கிறாள், அவர்களுக்கும் ஒரு சக்கரவர்த்தி உண்டோ என வினவுகிறாள், அவர்களைக் குரங்குகள் போன்றவர்கள் என்றே இதுவரை எண்ணியிருந்ததாக ஒப்புக்கொள்கிறாள்.

இவ்வெண்ணம் குழந்தையோடு பிறந்ததன்று. அவள் தந்தையே யப்பானியரைக் குரங்குகள் என இகழ்ந்தவன் என்பதை அவனுடைய அமைச்சர் வித்தேயின் நினைவுக் குறிப்புகள் காட்டும். ஆளும் வர்க்கத்தின் வெறுப்பு மழலை மொழியில் வெளிப்படுகிறது. கூலிக்கு வந்த அந்நியப் பெண்ணொருத்தி அதனைத் திருத்துகிறாள்.

ஆனால், அவரது மனிதநேயம் குழந்தைகளின் அறையோடு நின்றுவிடுகிறது. நூலில் அன்புத் தந்தையாகக் காட்சிதரும் அம்மன்னனின் படைகளே, 1905 ஜனவரியில் மனுவேந்திக் குளிர்கால அரண்மனையை நோக்கிச் சென்ற தொழிலாளரைச் சுட்டு வீழ்த்தின. நல்ல தந்தை என்பதால் ஒருவன் நல்ல அரசன் ஆகிவிடுவதில்லை.

1918 ஜூலையில் அந்நான்கு பெண்களும் பெற்றோருடனும் தம்பியுடனும் எகத்தரீன்பேர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்துயரத்தைக் காட்டி மன்னராட்சியின் குற்றங்களை மறைப்போர் உளர். அக்குற்றங்களைக் காட்டி இக்கொலையை நியாயப்படுத்துவோர் நம்மிடையேயும் உளர். இருவர் செய்வதும் தவறே. எதிர்ப்புறத்திலும் குழந்தைகள் உளர் என்று அத்தாதி புகட்டிய பாடம் அரசகுமாரிக்கு மட்டும் உரியதன்று. சமுதாய மாற்றத்தை வேண்டி நிற்கும் நாமும் கற்கவேண்டிய பாடம் அது.