அன்பு ஈன்ற மகவு: பெங்களூர்த் தெருநாய்ச் சிக்கலும் திருக்குறளும்

2007ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெங்களூரில் தெருநாய்கள் கடித்து இரு குழந்தைகள் உயிரிழந்தனர். மக்களின் சினம் பெருகவே, நாய்கள் பெருமளவில் பிடிக்கப்பட்டன, பல கொல்லப்பட்டன. விலங்கு நேயர்கள் அதனை எதிர்த்தனர். ஒரு சாரார் பிள்ளையை இழந்த துயரால் பேசினர். மறுசாரார் வாயில்லா உயிர்பால் கொண்ட இரக்கத்தால் பேசினர். இரண்டும் மெய்யான உணர்ச்சிகளே. எனினும், விலங்குகளை நடத்தும் முறையை உணர்ச்சி மட்டுமே வரையறுக்கலாமா என்பது ஆராயத்தக்கது.

திருக்குறளின் துறவறவியலில் வெகுளாமை (31), இன்னா செய்யாமை (32), கொல்லாமை (33) ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சினம் அடங்காதவிடத்துக் கொல்லாமை நிலைபெறாது என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும். இது துறவியர்க்குரிய அறம், நகர மாந்தர்க்குப் பொருந்தாது எனலாம். ஆனால், பொருட்பாலில் பொருள்செயல்வகை (76) அதிகாரத்திலும் வள்ளுவர் அருளைப் பேசுகிறார். அங்கே அருள் அன்பு பெற்ற மகவு. அதனை வளர்க்கும் செவிலி செல்வம். எனவே அருள் உள்ளத்து நெகிழ்ச்சி மட்டுமன்று. பொருள் செலவிட்டுப் பேணவேண்டிய பொதுக்கடமையுமாகும்.

2001ஆம் ஆண்டின் விதிகளும், அவற்றுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் விதிகளும் நாய்களுக்குக் கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் வலியுறுத்துகின்றன. அவை நிறைவேற நிதியும் மருத்துவரும் இடையறாப் பணியும் வேண்டும். சோறிடுவதோடு நின்றுவிடும் அன்பு செவிலியற்ற குழவியை ஒக்கும். அக்குறையின் விலையைத் தெருவில் விளையாடும் குழந்தையும் அந்நாயுமே செலுத்த நேர்கிறது.