சாத்தான்: பெயரா, பணியா?

எபிரேயத் திருமறையில் ‘சாத்தான்’ என்பது முதற்கண் ஒரு பொதுச்சொல். எதிர்த்து நிற்பவன் என்பதே அதன் பொருள். பிலேயாமின் வழியை மறித்து நின்ற கர்த்தருடைய தூதனுக்கும் (எண். 22:22), சாலொமோனுக்கு எதிராகக் கர்த்தர் எழுப்பிய ஏதோமியனாகிய ஆதாத்துக்கும் (1 இரா. 11:14) இச்சொல்லே வழங்கியுள்ளது. நம் ஆலயங்களில் பன்னெடுங்காலமாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் முன்னதை ‘எதிராளி’ என்றும், பின்னதை ‘விரோதி’ என்றும் பெயர்த்துவிட்டு, யோபு நூலில் ‘சாத்தான்’ என்றே நிறுத்திக்கொண்டது. ஆகவே மூன்றும் ஒரே சொல் என்பதை வாசிப்போர் அறிய வழியில்லை. யோபு நூலிலும் சகரியா 3ஆம் அதிகாரத்திலும் இச்சொல் ‘ஹ’ என்னும் சுட்டு முன்னொட்டோடு வருகிறது. எபிரேயத்தில் ஆட்பெயர்கள் இதனை ஏற்பதில்லை. அங்கு நாம் காண்பது தேவசபையில் குற்றஞ்சாட்டும் பணியை உடைய ஒருவனையேயன்றி, தேவனுக்கு நிகராக எழுந்த பகைவனை அன்று.

மாற்றம் எங்கே தொடங்குகிறது? தாவீது மக்களைத் தொகையிடும்படி ஏவியது கர்த்தருடைய கோபம் என்கிறது 2 சாமு. 24:1. சிறையிருப்புக்குப் பின் எழுதிய நாளாகமக்காரரோ அவ்விடத்தில் சாத்தானை நிறுத்துகிறார் (1 நாளா. 21:1). கி.மு. 2ஆம் நூற்றாண்டினதான யூபிலிகளின் நூல் இவ்வழியில் இன்னும் நெடுந்தூரம் செல்கிறது. ஈசாக்கைப் பலியிடும் சோதனையைத் தேவனுக்கு முன்மொழிபவனும், வழியிலே மோசேயைக் கொல்ல வகைதேடுபவனும் அந்நூலில் மஸ்தேமா என்னும் ஆவிகளின் தலைவனே. யாத்திராகமத்திலோ (4:24) மோசேயை எதிர்ப்பட்டவர் கர்த்தரே.

இவை யாவற்றையும் பாரசீகச் செல்வாக்கு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உளர். அது எளிய விடை, போதிய விடையன்று. நீதியுள்ள தேவன் இவ்வாறு செய்வாரோ என்னும் வினா இஸ்ரவேலின் விசுவாசத்தினுள்ளேயே எழுந்தது. புதிய ஏற்பாட்டில் சாத்தான் இவ்வுலகின் அதிபதியாகவே வளர்ந்துவிட்டபோதிலும், பேதுருவைப் புடைப்பதற்கு அவன் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது (லூக். 22:31). பழைய வழக்காடுபவனின் சாயல் அங்கே முற்றும் மறையவில்லை.

துன்புறுவோரிடம், “இது சாத்தானின் செயல், தேவனை நோக்கி முறையிடாதேயும்” என்று நம் பிரசங்க பீடங்கள் யோபு நூலைக்கொண்டே ஆறுதல் கூறுவதுண்டு. அந்நூலிலோ, 2ஆம் அதிகாரத்துக்குப் பின் சாத்தான் தோன்றுவதேயில்லை. யோபு அவன் பெயரை ஒருமுறையேனும் உச்சரிக்கவும் இல்லை. அவர் வழக்காடியது தேவனோடு. தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியவர் யோபே என்று தேவன் தீர்ப்பளித்ததும் (42:7) அந்த வழக்கின் முடிவிலேதான்.