வயசு வரம்பு வந்தால் போதுமா?

2025 டிசம்பர் 10-ம் தேதி முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயது ஆகாத பிள்ளைகள் இன்ஸ்டாகிராம், டிக்டாக்கில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதே மாதம் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும், இப்படி ஒரு சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. 'சட்டம் வந்தா எல்லாம் சரியாயிடும்' என்று பெற்றோர்களுக்கு ஒரு நிம்மதி.

ஆகுமா? நம்ம கோவை மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் புகார் கொடுத்த மாணவிக்கு வயது 19. அந்தச் சட்டம் அன்றைக்கே இங்கே இருந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்காது. பழகினார்கள், வீடியோ எடுத்தார்கள், வெளியே விட்டுவிடுவோம் என்று மிரட்டினார்கள். அந்த மிரட்டலுக்குப் பலம் கொடுத்தது செல்போன் மட்டுமா? 'வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்க, சொந்தபந்தம் என்ன பேசும்' என்கிற பயமும்தான். நம் வீடுகளை அந்தக் கும்பல் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தது.

அந்தப் பெண் வீட்டில் வாய் திறந்தார். வழக்கு வந்தது. ஆனால் நடந்தது என்ன? அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். ரகசியமாக வைக்க வேண்டிய அவர் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியில் சொன்னார். 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கடைசியில் 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பெண்கள் துணிந்து சாட்சி சொன்னதால் கிடைத்த தீர்ப்பு அது.

வயது வரம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் 13 வயது வரம்பு முன்பே இருக்கிறதே! பிறந்த வருஷத்தை மாற்றிப் போட எத்தனை நொடி ஆகும்? 2023-ன் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அப்பாவுக்கு வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்ததே பிள்ளைதானே! ஓ.டி.பி. யார் கைக்கு வரும்?

பள்ளிக்கூட விழிப்புணர்வு வகுப்புகளிலும் 'செய்யாதே, பேசாதே, அனுப்பாதே' என்பதுதான் பெரும்பாலும் பாடம். 'அனுப்பிவிட்டால் என்ன செய்வது?' என்ற பாடம்தான் பிள்ளைக்கு அவசியம். 1930 சைபர் குற்ற உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

கூடவே பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வேண்டும். அதில் ஒரே பாடம் போதும்: "என்ன நடந்திருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லு கண்ணு. உன் படிப்பை நிறுத்த மாட்டேன்."

சொன்னால் மட்டும் போதாதுங்க. சொன்ன மாதிரி நடக்கவும் வேண்டும்.