எழுதித் தராத நிலம்

அயர்லாந்துக் கிராமத்தைப் பற்றிய நாவல்களையும் நாடகங்களையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரு சந்தேகம் எழும்: இந்த நாட்டில் எந்தத் தகப்பனும் பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லையா? மதம், மழை, மது என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது நிலப் பத்திரத்தை.

1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். துண்டு துண்டாகப் பிரிந்த நிலத்தில் உருளைக்கிழங்கை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கே அடி பலமாக விழுந்தது. தப்பியவர்கள் அதன்பின் நிலத்தைப் பிரிக்கவில்லை. ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், மற்றவர்களுக்குப் பாஸ்டனோ லிவர்பூலோ கன்னியர் மடமோ. 1930களில் ஹார்வர்டிலிருந்து கிளேர் கவுண்டிக்கு வந்த மானிடவியலாளர்கள் ஆரன்ஸ்பெர்க்கும் கிம்பாலும் ஒன்றைக் கவனித்தார்கள்: நாற்பது தாண்டியவனும் நிலம் கைக்கு வராதவரை ஊரில் ‘பையன்’தான். நிலம் வந்தால்தான் கல்யாணம். எழுதிக் கொடுத்துவிட்டால் பெற்றோர் மேற்கு அறைக்கு ஒதுங்கிவிட வேண்டும். எந்தக் கிழவர் அவசரப்படுவார்?

அந்த இருவரும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஒழுங்கைத்தான் பார்த்தார்கள். அதற்குள் ஒரு மனிதன் எப்படி மக்கிப்போகிறான் என்பதை எழுத, மோனஹன் கவுண்டியில் தானே ஏர் பிடித்த பேட்ரிக் கவனா வர வேண்டியிருந்தது. அவருடைய ‘த கிரேட் ஹங்கர்’ (1942) நெடுங்கவிதையில் தாய் 91 வயதில் இறக்கும்போது மகன் மக்வயருக்கு 65. கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகவும் போவதில்லை. மார்ட்டின் மெக்டோனாவின் ‘த ப்யூட்டி குயின் ஆஃப் லீனேன்’ (1996) நாடகத்தில் மகனின் இடத்தில் மகள். தாயைக் கொன்ற பிறகும் அவள் போய் உட்காருவது தாயின் ஆடும் நாற்காலியில்தான்.

பழியெல்லாம் தாய்மேல் விழுவதைக் கவனியுங்கள். 1965இல் வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை அயர்லாந்தில் கணவன் மனைவிக்கு ஒன்றுமே வைக்காமல் உயில் எழுதிவிடலாம். மகனை முந்தானையில் முடிந்துகொள்வதைத் தவிர அவளுக்கு வேறு காப்பு ஏது? ஆண் எழுத்தாளர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் பெண்தான். ஆனாலும் கேரி கவுண்டிக் கிராமம் ஒன்றைப் பெயர் மாற்றி 1979இல் அவர் எழுதிய ஆய்வும் பிள்ளை வளர்ப்பின் மேல்தான் அதிகம் குற்றம் சுமத்தியது. அதில் கூர்மையான ஓர் அவதானிப்பு உண்டு: யாருக்கும் வேண்டாததாகிவிட்ட பண்ணையைக் கட்டிக்காக்க, கடைசி மகனை ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்று நம்பவைத்தே வீட்டோடு வைத்துக்கொள்கிறார்கள். ஊர் அவரை மன்னிக்கவில்லை. 1999இல் திரும்பிப் போனபோது வெளியேறச் சொல்லிவிட்டார்கள். ஊரின் கோபத்திலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

தகப்பன் பக்கத்தை எழுதியவர் நாவலாசிரியர் ஜான் மெக்காஹெர்ன். அவருடைய தந்தை போலீஸ் சார்ஜென்ட். ஆசிரியையான தாய், மகனின் ஒன்பதாவது வயதில் இறந்துபோனார். தகப்பனின் வன்முறையை எழுதிய ‘த டார்க்’ 1965இல் தடைசெய்யப்பட்டது. மெக்காஹெர்னின் பள்ளி வேலையும் போயிற்று. கால் நூற்றாண்டு கழித்து அதே தகப்பனிடம் திரும்பி வந்து எழுதியது ‘அமங்ஸ்ட் விமன்’ (1990). இந்த வகையில் அதை மிஞ்சிய நாவல் இல்லை. விடுதலைப் போரில் சண்டையிட்ட மோரன், வீட்டையும் ஒரு படைப்பிரிவாகவே நடத்துகிறார். அன்றாடம் முழங்காலிட்டுச் சொல்லும் ஜெபமாலையும் அந்த ஆட்சியில் அடக்கம். மூத்த மகன் லூக் லண்டனுக்குப் போய்விடுகிறான், வீட்டு வாசலை மிதிக்க மறுக்கிறான். மகள்களோ வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஓடி வருகிறார்கள். அங்கே அவர்களுக்கு இருப்பது பயம் மட்டுமல்ல. மோரனின் பெண்கள் என்ற மிடுக்கும்தான், அது டப்ளினில் கிடைக்காது. அவரைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதத்தில் அப்பாவாகவே ஆகிவிட்டிருக்கிறார்கள். அடி மட்டுமே கிடைத்திருந்தால் லூக்கைப் போல எல்லோரும் தப்பியிருப்பார்கள்.

பெண்கள் எழுத வந்ததும் கோணம் மாறியது. எட்னா ஓ’பிரையனின் ‘த கன்ட்ரி கேர்ள்ஸ்’ (1960) குடிகாரத் தகப்பனை மகளின் கண்ணால் பார்த்தது, அதற்கும் தடைதான். ஆன் என்ரைட்டின் ‘த கிரீன் ரோட்’ (2015) நாவலில் வீட்டை விற்கப்போவதாகத் தாய் அறிவித்ததும் நான்கு பிள்ளைகளும் கிறிஸ்துமஸுக்கு வந்து சேர்கிறார்கள். சொத்து இப்போது அவள் கையில். அதை வைத்து அவள் ஆட்டிப்படைப்பதையும் என்ரைட் ஒளிக்கவில்லை.

டோனல் ரயனின் ‘த ஸ்பின்னிங் ஹார்ட்’ (2012) மட்டும் என் பத்திரக் கணக்குக்குள் அடங்க மறுக்கிறது. வீட்டுமனைச் சந்தை சரிந்த பிறகான கிராமம். 21 பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவனான பாபி தினமும் தகப்பன் வீட்டுக்குப் போவது, கிழவர் செத்துவிட்டாரா என்று பார்க்கத்தான். அந்தக் கிழவர் தன் தகப்பன் விட்டுச்சென்ற நிலத்தை, செத்துப்போன அவரைப் பழிவாங்கவென்றே குடித்துத் தீர்த்தவர். பாபிக்கு வந்து சேர எந்த நிலமும் மிச்சமில்லை, காத்திருக்கவும் ஒன்றுமில்லை. இருந்தும் அவன் போய்க்கொண்டே இருக்கிறான்.