நன்காடும் முண்டையும்

நன்னூல் வகுப்பில் தகுதி வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். 'கால் கழுவி வந்தான்' என்ற எடுத்துக்காட்டுக்குச் சிரித்த வகுப்பு, சுடுகாட்டை 'நன்காடு' என்பார்கள் என்றதும் அடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ முண்டைன்றதுக்கு மங்கலமா என்ன சொல்வாங்க மேம்?" யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா கணவனை இழந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது ஆத்தூரில், என் அப்பத்தா வீட்டு வாசலில். வாய்க்கால் தகராறில் பக்கத்து வயல்காரர் அப்பத்தாவைப் பார்த்து அதைச் சொன்னார். அப்பத்தாவும் வாய் ஓய்ந்தவள் இல்லை. மண்ணை வாரித் தூற்றி, அவருடைய அம்மாவையும் அக்காவையும் இழுத்துத்தான் திட்டினாள். சண்டை இரண்டு பேருக்கு. அடி வாங்கியதோ அங்கே இல்லாத பெண்கள். சாயங்காலம் என்னைப் பார்த்து, "அங்கிட்டு என்னடி வேடிக்கை, முண்ட" என்றாள். தன்மேல் எறிந்த கல்லையே பொறுக்கி எனக்கும் கொடுத்தாள்.

முண்டை என்றால் கைம்பெண் என்கிறது அகராதி. தலை மழிப்பதோடு தொடர்புள்ள சொல் அது. கணவன் இறந்ததும் மனைவியின் கூந்தல் களையப்படுவதைப் புறநானூற்றிலேயே பார்க்கிறோம். அவளுக்குச் செய்ததையே அவளுக்குப் பெயராக்கி, பிறகு அந்தப் பெயரையே வசவாக்கினோம். மலடி, வாழாவெட்டி, அறுதலி எல்லாமே அவள் நிலையைச் சொல்லும் சொற்கள்தாம். அவள் செய்த குற்றம் எதுவும் அவற்றில் இல்லை.

மனைவியை இழந்தவனுக்கும் தமிழில் சொல் உண்டு: தபுதாரன். தொல்காப்பியம் புறத்திணையியலில் தபுதார நிலையைச் சொல்கிறது. இலக்கண நூலைத் தாண்டி அந்தச் சொல் தெருவுக்கு வரவில்லை.

இன்னொரு சொல் போன வழி இன்னும் கொடியது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் என்பது மதிப்புக்குரிய பெயர். கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாக அவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். 1947இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தப் பெயர் மட்டும் இன்றும் பேருந்து நிலையத்தில் ஒருவன் இன்னொருவனின் தாயை இழுக்கப் பயன்படுகிறது. மறுநாள் செய்தித்தாள் 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று எழுதும். இதுவும் இடக்கரடக்கல்தான். சொல்லை மறைத்துவிட்டால் அது எதனால் ஆனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வசவுகளுக்குப் பழகிய காதுகள்தாம் 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது கூசின. ஆண்டாள் பாடிய சொல் அது. கண்ணகி மதுரையை எரித்த உறுப்பு அது. அதே உடலை வைத்து ஆண் திட்டினால் கோபத்தில் வந்த வார்த்தை என்று பொறுக்கிறோம். பெண் அதைத் தன் கவிதைக்குத் தலைப்பாக வைத்தால் ஆபாசம் என்கிறோம். எது ஆபாசம் என்பதைச் சொல் தீர்மானிக்கவில்லை, யார் வாயிலிருந்து வருகிறது என்பதே தீர்மானித்தது.

பெண்களும் நன்றாகத் திட்டக் கற்றுக்கொள்ளலாமே என்று தோழிகள் சொல்வதுண்டு. அப்பத்தாவுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் அவள் கையில் கிடைத்த சொற்களெல்லாம் பெண்கள்மேலேயே போய் விழுந்தன.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் 'தபுதாரன்' என்று எழுதி, பொருள் சொல்லி, "இதை வைத்து யாரையாவது திட்டிக் காட்டுங்கள்" என்றேன். ஒருத்தி "டேய் தபுதாரா!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. அந்தப் பின்வரிசை மாணவியும் சிரித்தாள். பிறகு, "இது ஒட்டவே மாட்டேங்குது மேம்" என்றாள்.

அவள் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. சுடுகாட்டுக்குக் காட்டிய கருணையை அவள் அம்மாவுக்குக் காட்ட நம் மொழிக்கு ஏன் தோன்றவில்லை என்பதையே, தகுதி வழக்கு நடத்தும்போதெல்லாம் இப்போது கேள்வியாக வைக்கிறேன்.